கத்திய வாயால் ஜெபிக்கலாமா?

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு வாசகரின் கடிதம் இது. பெயரையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கும் அப்பாவை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். பகலில் வேலை, இரவில் அப்பா. அப்பாவுக்கு வலது பக்கம் வராது, பேச்சு குழறும், ராத்திரி நாலைந்து தடவை கூப்பிடுவார். தங்கை வெளியூரில் இருந்து பணம் அனுப்புகிறார், வருவதில்லை. இவர் பதினேழு வயதில் இரட்சிக்கப்பட்டவர், வீட்டு ஜெபக்குழு ஒன்றை நடத்துகிறவர்.

"மூன்று மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி, அன்றைக்கு மூன்றாவது முறையாக நனைந்த விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்பா உடம்பை விறைத்துக்கொண்டு திரும்ப மறுத்தார். கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டேன். சொல்லக்கூடாத வார்த்தையும் சொல்லிவிட்டேன். என் விரல் பதிந்த சிவப்பு காலையிலும் அவர் மணிக்கட்டில் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு தனி ஜெபம் நின்றுவிட்டது. முழங்கால் போடுகிறார், 'ஆண்டவரே' என்கிறார், அதற்குமேல் வாய் வரவில்லை. சாப்பாட்டுக்கு முன் மட்டும், பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று, கண்ணை மூடுகிறார். ஒரு வாரம் கத்தாமல் இருந்துவிட்டு அப்புறம் ஜெபிக்கலாம் என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்தாராம். ஐந்து நாளைத் தாண்டியதே இல்லை. திருவிருந்து எடுப்பதையும் நிறுத்திவிட்டார். ஜெபக்குழுவில் தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சமாளிக்கிறார். ஒருநாள் மட்டும் துணிந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, இது உண்மையான மனஸ்தாபம்தானா என்று சந்தேகம் வந்து, திரும்பத் திரும்ப முதலிலிருந்து சொல்லி, விடியும்வரை அதே ஜெபத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார்.

கேட்பது மூன்று. தகுதி வரும்வரை ஜெபிக்காமல் இருப்பதுதானே நேர்மை? ஜெபக்குழுவை விட்டுவிடட்டுமா? போனில் ஜெபிக்கும் ஊழியர் ஒருவர், உங்கள் மறைவான பாவத்தால்தான் அப்பா எழுந்திருக்கவில்லை, நாற்பது நாள் உபவாசமும் விசேஷ காணிக்கையும் என்றால் நானே உங்கள் சார்பில் தேவனிடம் பேசுகிறேன் என்கிறார், அதற்கு ஒத்துக்கொள்ளட்டுமா?

அன்புள்ள சகோதரருக்கு,

முதல் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபிக்கலாம். இன்றைக்கே, இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே வேண்டுமானாலும். நேற்று ராத்திரி கத்தியிருந்தாலும் சரி.

அந்த ஒரு வார விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பார்வைக்கு அது தாழ்மை மாதிரி இருக்கிறது. ஒருவேளை ஏழு நாளும் கத்தாமல் கடத்திவிட்டீர்கள் என்று வையுங்கள். எட்டாம் நாள் முழங்கால் போடும்போது எதை நம்பி உள்ளே போவீர்கள்? ஏழு நாள் நன்றாக நடந்துகொண்டேன் என்பதை நம்பித்தானே? லூக்கா 18-இல் ஆலயத்துக்குப் போன இரண்டு பேரில் ஒருவரான பரிசேயர் (நியாயப்பிரமாணத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கிறவர்) அப்படித்தான் போனார், "வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்" என்று கணக்கோடு. மற்றவர் ஆயக்காரர், அதாவது வரி வசூலிக்கிறவர், அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. வானத்தை அண்ணாந்து பார்க்கக்கூடத் துணியாமல், "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்டார். நீதிமானாக வீடு திரும்பியது அவர்தான் என்று இயேசு சொன்னார். நீங்கள் உங்களை அந்த ஆயக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் போட்டிருக்கும் விதி பரிசேயருடையது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களை மாதிரி நல்ல மனசாட்சி உள்ள ஆட்கள்தான் இந்த வலையில் அதிகம் மாட்டுகிறார்கள். மனசாட்சி மரத்துப்போனவர் மூன்று மாதம் ஜெபிக்காமல் தவிக்க மாட்டார்.

அப்புறம், தைரியமாய்க் கிருபாசனத்தண்டை சேரக்கடவோம் என்ற எபிரெயர் 4:16-ஐ எத்தனையோ முறை பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள், நீங்களே ஜெபக்குழுவில் சொல்லியிருப்பீர்கள். அதை நாலு வசனம் முன்னாலிருந்து படித்துப் பாருங்கள். தேவனுடைய வார்த்தை இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தைவிடக் கூர்மையானது, இருதயத்தின் நினைவுகளையும் யோசனைகளையும் வகையறுக்கிறது, அவர் கண்ணுக்கு மறைவானது எதுவுமே இல்லை, எல்லாம் நிர்வாணமாய் வெளியரங்கமாய் இருக்கிறது என்று 12, 13 வசனங்கள் சொல்கின்றன. அதைச் சொன்ன கையோடுதான் நமக்கு ஒரு பிரதான ஆசாரியர் இருக்கிறார், அவர் நம் பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கிறவர், தைரியமாக வாருங்கள் என்று வருகிறது. அதாவது அந்த மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார். நீங்கள் போய்ச் சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரியவேண்டும் என்றில்லை, தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்ற பயமும் வேண்டாம்.

அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்பதும் முக்கியம். எழுதியவர் பெயர் அதில் இல்லை, ஆனால் வாசித்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அதிலேயே தெரிகிறது. ஆரம்பத்தில் உபத்திரவத்தைத் தாங்கினவர்கள், இப்போது களைத்துப்போய், சபை கூடிவருதலையே சிலர் விட்டுவிட்ட நிலைமை. 12-ஆம் அதிகாரத்தில் "நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும்" நிமிர்த்தச் சொல்கிறார். விசுவாச வீரர்களுக்கு எழுதிய வரியை நாம் இரவல் வாங்கவில்லை. உங்களை மாதிரி தளர்ந்துபோனவர்களுக்குத்தான் அது முதலிலேயே எழுதப்பட்டது.

இன்னொன்று. பரிதபிக்கிறவர் என்றால் மேலே உட்கார்ந்துகொண்டு 'ஐயோ பாவம்' என்று சொல்கிறவர் இல்லை. இயேசு ஜனக்கூட்டத்தால் சாப்பிடக்கூட நேரமில்லாமல் போனவர் (மாற்கு 3:20). களைத்துப்போய்ப் படகில் தூங்கினவரை எழுப்பி, நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கேட்டார்கள் (மாற்கு 4:38). "எதுவரைக்கும் உங்களிடத்தில் பொறுமையாய் இருப்பேன்?" என்று வாய்விட்டுச் சொன்னதும் அவர்தான் (மாற்கு 9:19). பாவம் செய்யவில்லை என்பது வேறு, அந்தக் களைப்பு தெரியாது என்பது வேறு. ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பப்பட்டவனுக்கு உடம்பு எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கெத்செமனேயில் தூங்கிவிட்ட சீஷர்களிடம், ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது என்று சொன்னவர் அவர், அதுவும் தன் வாழ்க்கையிலேயே மோசமான ராத்திரியில்.

நீங்கள் எழுதியிருந்த வசனங்கள்

பாவிகளுக்குத் தேவன் செவிகொடுக்கிறதில்லை என்பதை யோவான் 9:31-இலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அதைச் சொன்னது யார்? பிறவிக் குருடனாயிருந்து இயேசுவால் பார்வை பெற்ற மனிதர். இயேசு ஒரு பாவி என்று பரிசேயர் அவரை மடக்கினபோது, பாவியாக இருந்தால் தேவன் அவருக்குச் செவிகொடுத்து இப்படியொரு அற்புதம் நடந்திருக்குமா என்று அவர் திருப்பிக் கேட்ட வாதம் அது. இயேசுவுக்காக நல்ல வாதம்தான். அதை மனந்திரும்பி வருகிறவனுக்கு எதிராகச் சட்டமாக்கினால் அந்த ஆயக்காரர் என்ன ஆவார்? அதே 9-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை விட்டுவிட்டீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

சங்கீதம் 66:18, "என் இருதயத்தில் அக்கிரமசிந்தை கொண்டிருந்தேனானால், ஆண்டவர் எனக்குச் செவிகொடார்." இது கனமான வசனம், லேசாகத் தாண்டக்கூடாது. ஆனால் அக்கிரமத்தை மனதில் பிடித்துவைத்துக்கொண்டு, விடும் எண்ணமே இல்லாமல் ஜெபிப்பதைப் பற்றியது இது. உங்கள் கடிதத்தில் எந்தப் பக்கத்திலும் அந்தக் கையிழுப்பை நீங்கள் ஆதரித்து எழுதவில்லை. அடுத்த வசனம் "மெய்யாய் தேவன் எனக்குச் செவிகொடுத்தார்" என்று போகிறது. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

தகுதியில்லாமல், ஆலயத்தில் திரைக்கு உள்ளே இருந்த மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிரதான ஆசாரியர் செத்து விழுந்தால் இழுத்துப்போட காலில் கயிறு கட்டியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்ட பிரசங்கக் கதை வேதாகமத்தில் எங்குமே இல்லை. வெகு காலம் கழித்துக் கிளம்பிய கதை. லேவியராகமம் 16-இல் இருப்பது இதுதான்: பிரதான ஆசாரியரான ஆரோன் நினைத்த நேரமெல்லாம் திரைக்கு உள்ளே வரக்கூடாது, வந்தால் சாவான், வருஷத்துக்கு ஒருமுறை, ஏழாம் மாதம் பத்தாம் தேதி, முதலில் தன் பாவத்துக்காக ஒரு காளையைப் பலியிட்டு அந்த இரத்தத்தோடு வரவேண்டும். பயம் நிஜமானதுதான். ஆனால் நீங்கள் நிற்பது திரைக்கு எந்தப் பக்கம்? இயேசு ஜீவனை விட்டபோது தேவாலயத்தின் திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் கிழிந்தது என்று மத்தேயு 27:51 எழுதுகிறது. கிழித்தது மனிதக் கை இல்லை. வருஷத்துக்கு ஒருநாள் ஒரே ஒரு ஆளுக்குத் திறந்த இடம், ஏற்ற சமயத்தில் உதவி வேண்டும் என்று வருகிற யாருக்கும் எந்த நேரமும் திறந்திருக்கிறது என்பதுதான் எபிரெயர் நிருபத்தின் முழு வாதமே. உங்களுக்கு ஏற்ற சமயம் எது? விரிப்பு நனைந்து, தூக்கம் கலைந்து, கோபம் தொண்டை வரை வந்து நிற்கிற அந்த நிமிஷம். எல்லாம் அடங்கி எட்டாம் நாள் வரும் அமைதியில் உங்களுக்கு அவ்வளவாக உதவி தேவைப்படாது.

பலவீனம் வேறு, துணிகரம் வேறு

இதைச் சொல்லும்போது ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும்: அப்படியென்றால் கத்திக்கொண்டே ஜெபித்துக்கொண்டே காலம் தள்ளலாமா? ரோமர் 6-இல் பவுல் அந்தக் கேள்வியைத் தானே எழுப்பிக் கூடாதே என்று முடிக்கிறார். ஏசாயா 1:15-இல் நீங்கள் மிகுதியாய் ஜெபம்பண்ணினாலும் கேட்கமாட்டேன் என்று தேவன் சொல்கிற ஆட்களும் உண்டு. அவர்கள் கைகளில் இரத்தம், ஆனால் பண்டிகை மட்டும் குறைவில்லாமல் நடக்கிறது. செய்வதை நிறுத்தும் எண்ணமும் இல்லை, அது பாவம் என்ற வருத்தமும் இல்லை. அது துணிகரம். நீங்கள் வெறுக்கிற ஒன்றில் திரும்பத் திரும்ப விழுவது பலவீனம். இரண்டுக்கும் நடுவில் கோடு சில சமயம் மெல்லியதாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி, இதை நிறுத்த என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்வது. தயார் என்றால் அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் அதில் செய்யவேண்டிய வேலை இருக்கிறது.

அப்பாவோடு

கடிதம் முழுக்கத் தேவனிடம் எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவிடம் போனீர்களா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பரலோகத்தில் மன்னிப்புக் கிடைத்தால் பக்கத்து அறையில் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடாது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது (மத்தேயு 5:23-24) சண்டை போட்ட விசுவாசிகளுக்கு மட்டும் இல்லை. இதைச் சாக்காக வைத்து ஜெபத்தை இன்னும் தள்ளிப்போடவும் வேண்டாம்; ஜெபித்துவிட்டே போங்கள், இரண்டும் ஒரே ராத்திரியில் நடக்கலாம். அப்பாவிடம் பொதுவாக "மன்னிச்சிடுங்க அப்பா" என்று முடிக்காமல், "அன்றைக்குக் கையை இழுத்தேன், அப்படிச் சொன்னேன், அது தப்பு" என்று நடந்ததைச் சொல்லுங்கள். அவர் அழலாம், ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். உங்களைத் தேற்றுகிற பாரத்தை அவர்மேல் வைக்காதீர்கள்.

அப்பா விறைத்துக்கொண்டு மறுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மறுப்பாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. பக்கவாதத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்ட பக்கத்தில் தசை இறுக்கம் வருவது சகஜம், வேகமாக இழுத்தால் அது இன்னும் இறுகும், வலியும் பயமும் குளிரும் சேர்ந்தால் மோசமாகும். அவர் மனம் நினைத்தாலும் உடம்பு தளர்ந்திருக்காது. ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வரவழைத்து, தோளையும் இடுப்பையும் பிடித்து மெதுவாக உருட்டித் திருப்புவது எப்படி என்று கையோடு கற்றுக்கொள்ளுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டே இறங்கிவிடும் ஆபத்து உண்டு. ராத்திரி இத்தனை முறை சிறுநீர் போவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொற்று இருக்கலாம், மாத்திரை நேரத்தை மாற்றவேண்டியிருக்கலாம். இதெல்லாம் ஜெபத்தைப் பற்றிய கடிதத்தில் எதற்கு என்று தோன்றலாம். இரண்டு வருடமாக முழுத் தூக்கம் இல்லாத மனிதர் நீங்கள். உங்கள் கோபத்தில் பாவம் எவ்வளவு, தூக்கமின்மை எவ்வளவு என்று என்னால் பிரித்துத் தர முடியாது, ஆனால் தூக்கமின்மைக்காக நீங்கள் மனந்திரும்பவேண்டியதில்லை, அதைச் சரிசெய்தால் போதும். எலியா சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கம் இல்லை. சாப்பாடும் தண்ணீரும், திரும்பத் தூங்க நேரமும் (1 இராஜாக்கள் 19).

தங்கையிடம் இனி பணத்தோடு ராத்திரிகளையும் கேளுங்கள், மாதத்தில் சில நாளாவது வந்து அப்பாவோடு தங்கட்டும். முடியாது என்றால் அந்தப் பணத்தில் இரவுக்கு ஆள் வையுங்கள். அதோடு ஒன்றைக் கறாராகச் சொல்லவேண்டியிருக்கிறது: கை நீளப்போகிறது என்று தோன்றும் அந்த நொடியில் அப்பாவைக் கட்டிலில் பத்திரமாக விட்டுவிட்டு அறையைவிட்டு வெளியே வாருங்கள், மனைவியை எழுப்புங்கள். ஈர விரிப்பில் பத்து நிமிடம் படுத்திருந்தால் ஒன்றும் ஆகாது. இன்னொரு முறை அவர் உடம்பில் உங்கள் கைத்தடம் விழுந்தால் அது உங்கள் ஆத்தும விஷயம் மட்டும் இல்லை, எதிர்த்துச் சொல்லவும் முடியாத ஒருவரின் பாதுகாப்பு. அன்றைக்கே மனைவிக்கும் மருத்துவருக்கும் தெரியவேண்டும், பராமரிப்பு வேறு கைக்கு மாறவேண்டும்.

நாற்பது நாள், காணிக்கை

வேண்டாம். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்கிறது, அந்த இடம் காலியாக இல்லை. இங்கேதான் யோவான் 9-இன் தொடக்கம். அந்தப் பிறவிக் குருடரைப் பார்த்து, யார் செய்த பாவம், இவன் செய்ததா இவனைப் பெற்றவர்கள் செய்ததா என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் இல்லை பெற்றவர்களும் இல்லை என்று இயேசு அந்தக் கணக்கையே கலைத்துவிட்டார். உங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது அந்த ராத்திரிக்கு ஒன்றேமுக்கால் வருடம் முன்பு, அதையாவது அந்த ஊழியர் கேட்டாரா? உங்கள் குற்றவுணர்ச்சி எங்கே வலிக்கிறது என்று பார்த்து அங்கே கை வைக்கிறார். அவரிடம் எந்த விவரமும் மேற்கொண்டு சொல்லாதீர்கள், ஏற்கெனவே பணம் ஏதாவது கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்கத் தயங்கவும் வேண்டாம்.

மற்றவர்கள் நமக்காக ஜெபிப்பது நல்லதுதான். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. வித்தியாசம் என்னவென்றால், உங்களோடு சேர்ந்து ஜெபிக்கிறவர் உங்களுக்குப் பதிலாக ஜெபிக்கிறேன் என்று சொல்லமாட்டார், கட்டணமும் கேட்கமாட்டார். வாயை அடக்கத் தெரிந்த, வயதில் மூத்த ஒரு விசுவாசி போதும். குழுவில் எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. இது உங்கள் அப்பாவின் மானமும் சேர்ந்த விஷயம்.

விடியும்வரை அதே ஜெபம்

நான் அதிகம் கவலைப்பட்டது இந்தப் பகுதிக்குத்தான். மன்னிப்புக் கேட்டீர்கள், கேட்டது சரியாக இல்லை என்று திரும்பக் கேட்டீர்கள், அதுவும் மனதார இல்லை என்று திரும்பவும். பிற்பாடு புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1505-இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்தபின் இப்படித்தான் தவித்தார். சின்னச் சின்னப் பாவங்களையும் தோண்டி எடுத்து, மணிக்கணக்கில் அறிக்கை செய்து, அவருடைய ஆத்தும ஆலோசகர் ஸ்டாபிட்ஸ் அலுத்துப்போகிற அளவுக்கு. 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசாவில் இருந்த, பிற்பாடு கத்தோலிக்கத் துறவறச் சபையான இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலாவும் சொன்ன பாவங்களையே சரியாகச் சொன்னோமா என்று திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, உயிரை விட்டுவிடலாமா என்ற எல்லை வரை போனவர். பிற்பாடு எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டு பேருக்கும் ஒரே வேதனை. ஆகவே இது உங்களுக்கு மட்டும் வந்த வினோதம் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை.

ஒரு ராத்திரி மட்டும் என்றால் களைப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் இது தொடர்ந்தால், ஜெபிக்கும்போது தேவதூஷணமான நினைப்புகள் தானாகப் புகுந்து பயமுறுத்தினால், தப்பே இல்லாத விஷயத்துக்கும் மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியவில்லை என்றால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஓ.சி.டி. என்கிற எண்ணச்சுழல் நோய் சிலருக்குக் கை கழுவுவதாக வரும், சிலருக்கு மன்னிப்புக் கேட்பதாக வரும். மருந்தும் பயிற்சியும் உண்டு, நன்றாகவே கேட்கும். அதுவரை ஒரு ஒழுங்கு: ஒரு பாவத்துக்கு ஒருமுறை அறிக்கை. அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. மன்னிப்பு உங்கள் மனஸ்தாபத்தின் தரத்தை வைத்து வருவதில்லை. சந்தேகம் திரும்ப வந்தால் திரும்ப அறிக்கை செய்யாமல், "ஏற்கெனவே சொல்லியாயிற்று" என்று அடுத்த வேலைக்குப் போங்கள். முதலில் உயிர் போகிற மாதிரி இருக்கும். பழகும்.

திருவிருந்தும் ஜெபக்குழுவும்

அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவன் (தகுதியில்லாமல் புசித்துக் குடிக்கிறவன்) என்ற 1 கொரிந்தியர் 11-ஐக் கண்டு ஒதுங்கியிருக்கிறீர்கள். அங்கே பவுல் யாரைக் கண்டிக்கிறார் என்றால், வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு, ஒன்றுமில்லாதவர்களைப் பசியோடு வெட்கப்படுத்தின சபையை. அவர்களிடமும் தன்னைச் சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் சொல்கிறார், சோதித்தறிந்து விலகிக்கொள் என்று சொல்லவில்லை. அப்பாவிடம் பேசிவிட்டு, உங்கள் போதகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த திருவிருந்தில் சேருங்கள்.

ஜெபக்குழுவைப் பொறுத்தவரை நான் வேறு மாதிரி சொல்வேன், உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கொஞ்ச நாள் நடத்தாதீர்கள். தகுதி போய்விட்டது என்பதற்காக இல்லை. நீ மறுதலிப்பாய் என்று சொல்வதற்கு முன்பே, நீ குணப்பட்டபின் உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்று பேதுருவுக்கு வேலை ஒதுக்கியவர் இயேசு (லூக்கா 22:32). உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி உனக்காக வேண்டிக்கொண்டேன் என்றதும் அதே வசனத்தில்தான். நடத்த வேண்டாம் என்று சொல்வது உங்களுக்குத் தூக்கம் வேண்டும் என்பதற்காக, அப்புறம் மூன்று மாதமாகத் தொண்டை சரியில்லை என்று சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறீர்களே அந்தப் பொய் நிற்கவேண்டும் என்பதற்காக. வீட்டில் பாரம் அதிகம், வேறு யாராவது நடத்துங்கள், நான் வந்து உட்காருகிறேன் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே.

எப்படித் தொடங்குவது

'ஆண்டவரே' என்பதற்குமேல் வாய் வரவில்லை என்றீர்கள். வராவிட்டால் வேண்டாம், அதோடு நிறுத்தினாலும் ஜெபம்தான். ஏற்றபடி வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இந்த மாதிரி நிலைமைக்குத்தான். வார்த்தை வேண்டும் என்றால் 51-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு மூன்று வசனங்களைச் சத்தமாகப் படியுங்கள். மனம் இருண்டு கிடந்தால் 88-ஐப் படியுங்கள். விடியல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம், அதையும் வேதாகமத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நேரமும் இடமும் தேடாதீர்கள். உங்களுக்கு இப்போது அரைமணி நேரத் தனி ஜெபம் நடக்காது, முயன்றால் தூங்கிவிடுவீர்கள், தூங்கியதற்கு இன்னொரு குற்றவுணர்ச்சி வரும். அப்பா கூப்பிட்டதும் கட்டிலைவிட்டு எழுந்து அவர் அறைக்கு நடக்கிற அந்த நாலு அடியில், "ஆண்டவரே, கோபமாக இருக்கிறேன், உதவி செய்யும்" என்று சொல்லுங்கள். அழகான ஜெபம் இல்லை, போதும். அன்றைக்கும் கத்திவிட்டால், கத்தி முடித்த கையோடு, விரிப்பை மடக்கிக்கொண்டிருக்கும்போதே, கத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். அடுத்த நாள் வரை வைத்திருக்காதீர்கள். கோபம் வராத ராத்திரியிலும் அதே நாலு அடியில் அதே ஜெபம். நன்றாக நடந்த நாளில் ஜெபிக்கும் உரிமை கூடிவிடவில்லை.

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் கேட்டார், நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது (2 கொரிந்தியர் 12). உங்கள் கோபமும் ஒரே ஜெபத்தில் போய்விடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பிசியோதெரபிஸ்ட்டுக்கு நாளைக்கே போன் செய்யுங்கள், தங்கைக்கு அதற்கடுத்து. மருத்துவர் என்ன சொன்னார், அந்த விடியவிடிய ஜெபம் திரும்ப வந்ததா என்பதை ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.